சிகப்பு ரோஜாக்கள் முதல் நூறாவது நாள் வரை: அந்தப் பயம் ஏன் இன்னும் போகவில்லை?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

நாற்பது வருஷத்துக்கு முந்திய தமிழ்க் கொலைப் படங்களை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இன்றைக்கும் போனில் தேடிப் பார்க்கிறார்கள். அதைவிடப் பல மடங்கு இரத்தம் கொட்டுகிற படங்கள் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் உம்மாவும் மகளும் ஒன்றாக உட்கார்ந்து பயப்படுவது அந்தப் பழைய படங்களுக்குத்தான். இது ஏன் என்று நாங்கள் யோசித்ததுண்டா?

முதலில் கொஞ்சம் வரலாறு. 1960இல் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’. மற்றது இங்கிலாந்தில் மைக்கேல் பவல் எடுத்த ‘பீப்பிங் டாம்’. அதுவரை பயப் படம் என்றால் பேய், பாழடைந்த கோட்டை, இரத்தம் குடிக்கும் பிரபு என்றுதான் பெரும்பாலும் இருந்தது. இந்த இரண்டிலும் கொலைகாரன் கூச்ச சுபாவமுள்ள, மரியாதையாகப் பேசுகிற ஓர் இளைஞன். 1978இல் ஜோன் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’, 1980இல் ‘ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்’ வந்தபிறகு இந்த வகை பெரிதாகப் பரவியது. ‘ஸ்லாஷர்’ என்று அதற்கொரு பெயரும் நிலைத்தது.

தமிழ் சினிமாவும் பின்தங்கி நிற்கவில்லை. 1967இலேயே ஏவிஎம் தயாரிப்பில் ஏ. சி. திருலோகசந்தர் ‘அதே கண்கள்’ எடுத்துவிட்டார். முகத்தை மூடிய கொலைகாரன் ஒரு குடும்பத்தைக் குறிவைக்கும் கதை அது. ‘ஹாலோவீன்’ அமெரிக்காவில் வெளியான அதே 1978 ஒக்டோபரில் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ தமிழ்நாட்டில் வெளியானது. ‘16 வயதினிலே’, ‘கிழக்கே போகும் ரயில்’ என்று கிராமத்தைக் காட்டியவர், திடீரென்று நகரத்துப் பங்களாவுக்குள் கமரா வைத்தார். 1980இல் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’. 1984இல் மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’. மூன்றுக்கும் இசை இளையராஜா. அதில் ‘மூடுபனி’ அவருடைய நூறாவது படம்.

பாலு மகேந்திரா எங்கள் மாகாணத்துக்காரர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். 1939இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து இந்தியாவிலேயே பெயர் எடுத்தவர்.

‘மூடுபனி’யில் நடித்த ஷோபாவையும் மறக்க முடியாது. ‘பசி’ படத்துக்காக இந்தியாவின் தேசிய விருது பெற்றவர். 1980 மே மாதம் முதலாம் திகதி அவர் இறந்தபோது வயது 17. படம் திரைக்கு வந்தது அந்த நவம்பரில். கொலைகாரனின் பிடியிலிருந்து தப்பிக்கப் போராடும் அந்தப் பெண்ணைச் சனங்கள் தியேட்டரில் பார்த்தபோது, நடித்த பிள்ளை உயிரோடு இல்லை.

எங்கள் பக்கத்தில் இந்தப் படங்கள் பரவிய விதமே வேறு. பாட்டுகள் முதலில் வானொலியில் வந்தன. படங்கள் பலருக்கு வாடகை டெக்கில் வந்தன. ஒரு வீட்டில் டீவி வைத்தால் தெருவே திரண்டு வரும். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் கிடையாது, அது திறந்தது 2009இல்தான். டவுணுக்குப் போய்ப் படம் பார்ப்பதென்றால் துறையடியில் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். பிறகு ஊரடங்கும் கரண்ட் இல்லாத இரவுகளும் வந்தன. வெளியே நிஜமான பயம் இருந்த காலம் அது. ஆனாலும் உள்ளே உட்கார்ந்து இந்தப் படங்களைப் பார்த்தார்கள். படத்துப் பயத்துக்கு ஒரு முடிவு இருந்தது. கடைசி ரீலில் கொலைகாரன் யார் என்று தெரிந்துவிடும். வெளியே நடந்தவற்றில் பலவற்றுக்கு அந்தக் கடைசி ரீல் இன்றுவரை வரவில்லை.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு என்று நாங்கள் நினைக்கிறோம். ‘ஹாலோவீன்’ கொலைகாரன் முகமூடி போட்டு வெளியிலிருந்து வருகிறான். எங்கள் தமிழ்ப் படத்துக் கொலைகாரன் மாப்பிள்ளையாக வருகிறான். ‘சிகப்பு ரோஜாக்க’ளில் ஸ்ரீதேவி ஆசைப்பட்டுக் கலியாணம் முடிப்பது கமலை. அழகன், பணக்காரன், நல்ல பேச்சு. அந்த வீட்டு ரோஜாத் தோட்டத்துக்கு அடியில் கிடப்பது பெண்களின் சடலங்கள். ‘நூறாவது நா’ளில் நளினிக்குக் கொலைகள் கனவாக வருகின்றன. யாரும் நம்பவில்லை. மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக வரும் சத்யராஜைப் பார்த்துத்தான் எல்லோரும் நடுங்கினோம். ஆனால் உண்மையான ஆபத்து அருகிலேயே இருந்த கணவன் மோகன். ‘மூடுபனி’யில் பிரதாப் போத்தன் பெண்ணைக் கடத்திவந்து அடைத்துவைத்துவிட்டு, கலியாணம் முடிக்க ஆசைப்படுகிறான். யேசுதாஸ் குரலில் கிட்டாரோடு வரும் அந்த நிலாப் பாட்டை எங்கள் கலியாண வீடுகளில் எத்தனை தடவை போட்டிருக்கிறோம்! அது கடத்தியவன், தப்ப முடியாமல் இருக்கும் பெண்ணைப் பார்த்துப் பாடுகிற பாட்டு.

முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் வாழப் போகும் பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பயம் இருக்கும். அந்தப் பயத்தை இந்தப் படங்கள் தொட்டன. எங்கள் கிழக்கில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பங்களாவுக்குப் போக வேண்டியதில்லை, வீடு பெண்ணுடையது, உம்மா வாப்பா பக்கத்திலேயே இருப்பார்கள். அது பெரிய பாதுகாப்புத்தான். ஆனால் கதவு எங்களுடையது என்பதால் உள்ளே வருகிறவரைப் பற்றி விசாரிக்கத் தேவையில்லை என்றாகிவிடாது.

இந்தப் படங்களில் ஒரு பெரிய குறையும் உண்டு. கொலைகாரனுக்கு ஒரு சிறுவயதுக் கதை இருக்கும். யாரோ ஒரு பெண் செய்த பிழையாலோ, தகப்பனின் கொடுமையாலோ அவன் இப்படி ஆனான் என்று எங்களை இரங்க வைப்பார்கள். ‘சிகப்பு ரோஜாக்கள்’ முடியும்போது கமல் சிறைக்குள் மனைவியின் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறார். பார்த்தவர்கள் அழுதார்கள். ஆனால் தோட்டத்தில் புதைந்த பெண்களின் சிறுவயதுக் கதை யாருக்கும் தெரியாது. “அவள் ஏன் அவனோடு போனாள்?” என்று கேட்டுப் பழகிய எங்களுக்கு, அந்தக் குறை கண்ணில் படவே இல்லை.

இவை வயது வந்தவர்களுக்கான படங்கள். சின்னப் பிள்ளைகளிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். வளர்ந்த பிள்ளைகள் பார்த்தால் பக்கத்தில் இருந்து இரண்டு கேள்வி கேளுங்கள். செத்துப்போன அந்தப் பிள்ளைகள் யார்? நளினி பயந்து சொன்னபோது ஏன் யாரும் நம்பவில்லை?

சம்பந்தம் பேசும்போது தொழில், வருமானம், குடும்பம் எல்லாம் விசாரிக்கிறோம். பெண்பிள்ளை “எனக்கு என்னமோ மனசுக்குச் சரியாப் படல்ல” என்று சொன்னால் மட்டும், “கலியாணம் முடிஞ்சாச் சரியாகிடும்” என்று வாயை மூடிவிடுகிறோம். மூன்று படத்திலும் பயந்த பெண்ணின் பயம் சரியாகத்தான் இருந்தது. அதைக் கடைசி ரீல் வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம். மகள் முதல் தடவை சொல்லும்போதே காது கொடுத்துக் கேட்போம்.