பாசறைச் சிற்றுண்டிச்சாலையின் கதை

போரைப் பற்றிப் பேசுவோர் பீரங்கியையும் தளபதியையும் பேசுவர். மாலைப் பொழுதிற் சிப்பாய் எங்கே அமர்ந்து இளைப்பாறினான், அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என வினவுவோர் அரியர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரித்தானியப் பாசறைகளிலிருந்த கன்ரீன்கள் குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகைப் பணத்தை வியாபாரி எங்கிருந்து ஈடுசெய்வான்? நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் பெற்ற சிப்பாயின் பியர்க் குவளையிலிருந்துதான். பின்னர் பட்டாளங்களே கன்ரீனைப் பொறுப்பேற்றன. இலாபம் வாசிகசாலைக்கும் விளையாட்டுக்கும் செல்லவேண்டும் என்பது ஏற்பாடு. ஆயினும் சரக்கு வழங்கும் உரிமை பெரிய கம்பெனிகளிடமே இருந்தது.

1914ஆம் ஆண்டில் இலண்டன் நீதிமன்றத்தில் இதன் உட்புறம் வெளிப்பட்டது. நம் மலைநாட்டுத் தேயிலையால் உலகறிந்த லிப்டன் கம்பெனியின் சிப்பந்திகள் சிலரும், அவர்களிடம் கைக்கூலி பெற்ற படையினர் சிலரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். சேர் தோமஸ் லிப்டன்மீது வழக்கு இல்லை. கைக்கூலியின் சுமை ஈற்றில் யார் தலையில் விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதல் உலகப் போரின் பின்னர், 1921இல், முப்படைக்கும் பொதுவாக ‘நாஃபி’ என்னும் நிறுவனம் தோன்றியது. இதற்குப் பங்குதாரர் இல்லை. மிச்சப்படும் பணம் படையினரின் நலனுக்கே திரும்பியது. அதில் ஒரு பகுதி பட்டாளத்தின் சொந்த நிதியைச் சேர்ந்தது. பந்தும் மட்டையும் அவ்வழியாக வந்தன. சிப்பாய்கள் அதன் தேநீரைப் பழித்தது வேறு கதை! 1939இல் ‘என்சா’ என்னும் கலைக்குழு அமைப்பு எழுந்தபோது அதற்கும் நாஃபியே பணம் உதவிற்று. வேரா லின் என்னும் பாடகி 1944இல் பர்மாப் போர்முனைவரை சென்று பாடியது அவ்வமைப்பின் வாயிலாகவே.

பணம் ஒருபுறமிருக்க, பணிபுரிய ஆள் வேண்டுமே. போர்க்காலத்தில் நாஃபியின் சிப்பந்திகள் பல்லாயிரவராகப் பெருகினர். அவர்களுட் பெண்கள் மிகப் பலர். கடல்கடந்து போர்முனைக்குச் சென்றோர் படைச் சீருடை அணிந்தனர். போர்க்கப்பல்களிலோ சாதாரணக் குடிமக்களே கன்ரீனை நடத்தினர்.

அத்தகையோரில் ஒருவன் ரொம்மி பிறவுண். வயதைக் கூட்டிச் சொல்லி ‘பெற்றாட்’ என்னும் நாசகாரிக் கப்பலிற் சேர்ந்தவன். உண்மை வயது 16. 1942 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, மத்தியதரைக் கடலின் கீழ்ப்பகுதியில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி தாக்குண்டு அமிழ்ந்துகொண்டிருந்தது. அன்ரனி பாசன், கொலின் கிரேசியர் என்னும் கடற்படையினர் இருவர் அதனுள் இறங்கினர். கன்ரீன் பையனும் பின்தொடர்ந்தான். உள்ளிருந்து அவர்கள் எடுத்துக் கொடுத்த சங்கேத ஏடுகளை ஏணிவழியே சுமந்து மேலே சேர்த்தான். திடீரெனக் கப்பல் மூழ்கிற்று. மற்ற இருவரும் மீளவில்லை, அவன் தப்பினான்.

அவ்வேடுகளே ஜெர்மானியரின் ‘எனிக்மா’ இரகசியத்தை மீண்டும் உடைக்கத் துணைசெய்தன. அவனுக்கு ஜோர்ஜ் பதக்கம் வழங்கப்பெற்றது. உண்மை வயது தெரியவந்ததும் அவன் கரைக்கு அனுப்பப்பட்டான். 1945இல், தன் வீடு தீப்பற்றியபோது தங்கையைக் காக்க முனைந்து உயிர்நீத்தான்.