காவலாளியைக் கட்டிப்போடும் கலை

"மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் குளிர்நாட்டு நோய், நம்மூர்ல எங்க?" இப்படித்தான் இங்கே ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். எம்.ஆர்.ஐ. பரவலான பிறகு அந்த நினைப்பு உடைந்தது.

உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கும். பலருக்கும் வரும், அடங்கும், மறுபடி வரும்.

1993-இல் அமெரிக்கா அனுமதித்த இன்டர்ஃபெரான் பீட்டா ஊசிதான் அந்த வருகைகளைக் குறைத்த முதல் மருந்து. விலையோ, மயிலாப்பூர் நடுத்தரக் குடும்பத்துக்கும் மூச்சுமுட்டும். வழி வேறு திசையிலிருந்து வந்தது. ரிடுக்சிமாப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தின் மலிவான இந்திய வடிவத்தை 2007-இல் டாக்டர் ரெட்டீஸ் கொண்டுவந்தது. பி செல்களை அழிக்கும் இதை நரம்பியல் மருத்துவர்கள் எம்.எஸ்.ஸுக்கும் எழுதினார்கள். 2023-இல் உலக சுகாதார நிறுவனமே இந்நோய்க்கான அத்தியாவசிய மருந்துகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது.

அப்போ எல்லோருக்கும் அதையே போட்டுவிடலாமா? முடியாது. காவலாளியைக் கட்டிப்போட்டால் திருடனுக்கும் கொண்டாட்டம்தான். நடாலிசுமாப் 2004-இல் வந்தது. அரிய மூளைத்தொற்றால் 2005-இல் நிறுத்தப்பட்டது. கடும் நிபந்தனைகளோடு 2006-இல் திரும்பியது. நமக்கோ காசநோய் பக்கத்து வீட்டுக்காரர். வீட்டிலிருந்தே காசநோய்க்குச் சிகிச்சை பெறலாம் என்று 1950களில் உலகுக்குக் காட்டியது சேத்துப்பட்டு ஆய்வு. அதே சென்னையில், எதிர்ப்பு சக்தியைத் தணிக்கும் முன் காசநோயும் ஹெபடைடிஸ் பி-யும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

ஆக, எது வலிய மருந்து என்பது பாதிக் கேள்விதான். இந்த உடம்பு, இந்த ஊர், இந்தப் பர்ஸ் எதைத் தாங்கும் என்பது மீதி.