நாற்பது வாட் வரலாறு

பீஸ்கட்டை அடிக்கடி எரிந்துபோனதால், வீட்டு ஒயரிங்கை ஒரு தாளில் வரைந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முறை எளிது. ஒவ்வொரு பீஸாகப் பிடுங்கி, எந்த விளக்கு, எந்த பிளக் செத்துப்போகிறது என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். எங்க வீட்டில் அந்த வேலையே இல்லை. இருப்பது ஒரே பீஸ். பிடுங்கினால் வீடே இருட்டு. ஆகவே கம்பி போன தடத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். போகப் போக எங்க சேரியின் வரலாறே சுவரில் இருந்தது.

முதல் கம்பி, தெருக்கம்பத்திலிருந்து வாசல்நிலைக்கு மேலே நுழைந்து நடுவீட்டு ஹோல்டரில் முடிகிறது. இது குடிசை விளக்கு. மின்கட்டண விதிப்படி குடிசை என்றால் 250 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். விளக்கு ஒன்றே ஒன்று, அதுவும் 40 வாட்டுக்கு மேல் கூடாது என்றிருந்தது. 1988-89ல் மத்திய அரசு கொண்டுவந்த 'குடீர் ஜோதி'யும் இதே ஒற்றை விளக்குதான். சேரிக்காரனுக்கு ராத்திரியில் ஒரு விளக்குக்கு மேல் என்ன வேலை என்ற கணக்கு.

அதற்கு முன்? அம்மாவைக் கேட்டேன். "ஆண்டையோட மோட்டார் கொட்டாயில பல்பு எரியும். அந்த வெளிச்சத்துலதான் நாத்துக்கட்டு தூக்குவோம். நம்ம தெருவுல சிம்னிதான்."

இந்த மோட்டார் கொட்டாய் பல்பை லேசாக நினைத்துவிடக் கூடாது. 1997 வரை அரசின் இலக்கணப்படி, ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அது மின்மயமான கிராமம். ஒரு பம்புசெட் ஓடினாலே ஊர் முழுக்க வெளிச்சம், காகிதத்தில். 1997ல், குடியிருப்புப் பகுதியில் பயன்பட வேண்டும் என்று திருத்தினார்கள். அது ஊர்த்தெருவாக இருந்தாலே போதும். தலித் குடியிருப்பு இருந்தால் அங்கேயும் லைனும் டிரான்ஸ்பார்மரும் போக வேண்டும் என்று எழுதுவதற்கு 2004 ஆனது. அப்போதும் நூற்றுக்குப் பத்து வீட்டில் எரிந்தால் கணக்கு முடிந்தது. நாம் அந்தப் பத்திலா தொண்ணூறிலா என்று எவரும் கேட்கவில்லை.

மறுபடி சுவருக்கு வருவோம். ஹோல்டருக்குப் பக்கத்தில் டேப் சுற்றிய ஒரு முடிச்சு. அது 2006 தேர்தலுக்குப் பிறகு வந்த இலவச டிவிக்கு. அதிலிருந்து இன்னொரு முடிச்சு, 2011 திட்டத்தின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறிக்கு. 40 வாட் பல்பு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர்கூட இழுக்காது. மிக்சி 500 வாட் என்று வைத்தாலே 2 ஆம்பியருக்கு மேல். கம்பியைவிட முடிச்சுதான் சூடாகும். பீஸ் எரிந்த காரணம் அங்கேதான் கருகிக் கிடந்தது.

படத்தில் ஒரு கம்பி மட்டும் இல்லவே இல்லை: எர்த். அன்றைக்கு லைன் இழுத்தவர், "ஒத்த பல்புக்கு எர்த் எதுக்கு?" என்றாராம். மூன்று துளை பிளக்கில் பெரிய துளைக்குப் பின்னால் வெறும் சுவர். கிரைண்டரில் கரண்ட் கசிந்தால் தரைக்குப் போக வேறு வழி கிடையாது, தொட்டவர் உடம்பு வழியாகத்தான் போகும். "சுர்ருனு இழுக்குதுடா" என்று அம்மா இத்தனை வருஷமாக மரப்பலகை போட்டு உட்கார்ந்துதான் மாவாட்டுகிறார்.

கொல்லையில் குழி தோண்டியாயிற்று. கரியும் உப்பும் போட்டு எர்த் குழாய் இறக்க வேண்டும். படத்தில் அந்தக் கம்பியைச் சிவப்பு மையில் வரைந்து வைத்திருக்கிறேன்.