சிரிப்பும் சங்கமும்: பகவந்த் மானின் அரசியல் பயணமும் ஊவாத் தோட்டங்களும்

தொலைக்காட்சியில் மக்களைச் சிரிக்க வைத்தவர் அரசியலுக்கு வந்தால், தெரிந்த முகமே வாக்காக மாறிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. இலங்கையின் ஊவா மாகாணத்தில் பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறைத் தேயிலைத் தோட்டங்களின் எதிர்காலம் பற்றிப் பேசும்போதும், மக்களை ஈர்க்கும் கலைஞர் ஒருவர் முன்வந்தால் போதும் என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. நகைச்சுவை அச்சத்தைப் போக்கும். அது அரசியலாக வேண்டுமானால் இரண்டு தேவை: மக்களின் சொந்தக் குறையை அது பேச வேண்டும், அந்தக் குறையைக் கோரிக்கையாக ஏந்திச் செல்ல ஓர் அமைப்பு இருக்க வேண்டும்.

பஞ்சாபின் பகவந்த் மான் இதற்கு நல்ல சான்று. 1990களில் ஒலிநாடாக்களிலும் பின்னர் தொலைக்காட்சியிலும் அரசியல்வாதிகளையும் அதிகாரிகளையும் கிராமத்துப் பேச்சில் கேலி செய்து பெயர் பெற்றவர் அவர். 2011இல் மன்பிரீத் சிங் பாதலின் பஞ்சாப் மக்கள் கட்சியில் சேர்ந்து, 2012 சட்டமன்றத் தேர்தலில் தோற்றார். 2014இல் ஆம் ஆத்மி கட்சியின் வேட்பாளராகச் சங்ரூரில் நின்று, இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் பாராளுமன்றம் சென்றார். இரண்டே ஆண்டுகளில் அவருடைய புகழ் அத்தனை மடங்கு பெருகிவிடவில்லை. ஊழல் எதிர்ப்பு இயக்கத்திலிருந்து எழுந்த ஒரு கட்சி அவருக்குப் பின்னால் வந்து நின்றதுதான் மாற்றம். 2017இல் அகாலி தளத்தின் சுக்பீர் சிங் பாதலை ஜலாலாபாத்தில் எதிர்த்தபோது, வேரூன்றிய பழைய அமைப்பின் முன் அதே புகழ் எடுபடவில்லை. 2022இல் 117 இடங்களில் 92ஐக் கட்சி வென்ற பிறகே அவர் முதலமைச்சரானார்.

அமைப்பு மட்டும் இருந்தாலும் போதாது என்பதைத் தமிழ்நாடு காட்டியது. 2011 தேர்தலில் தி.மு.க.வுக்காகப் பிரசாரம் செய்த நகைச்சுவை நடிகர் வடிவேலுவின் கூட்டங்களுக்கு மக்கள் திரண்டார்கள். தி.மு.க. 23 இடங்களோடு நின்றது; அவர் தாக்கிப் பேசிய விஜயகாந்தின் கட்சி 29 இடங்களைப் பெற்றது. ஆளுங்கட்சிக்காக அதன் போட்டியாளரைக் கேலி செய்த அந்தச் சிரிப்பில் மக்களின் குறை எதுவும் பேசப்படவில்லை. ரசித்தவர்கள் வாக்கை வேறு பக்கம் போட்டார்கள்.

உக்ரேனின் செலென்ஸ்கியைக் காட்டி இவ்வாதத்தை மறுக்கலாம். 2015 முதல் தொலைக்காட்சித் தொடரொன்றில் ஜனாதிபதியாக நடித்தவர், 2019இல் 73 சதவீத வாக்குகளோடு மெய்யாகவே ஜனாதிபதியானார். அவருடைய கட்சியோ அப்போதுதான் முளைத்திருந்தது. ஆனால் அங்கே பார்வையாளர்கள் அனைவரிடமும் வாக்கு இருந்தது. ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்தார்கள். இத்தோட்டங்கள் உள்ள மலையகத்தின் வரலாறு அப்படிப்பட்டதன்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அதையொட்டி வந்த வாக்குரிமைப் பறிப்பும் 1952இல் அதற்கு ஓர் ஆசனம்கூட இல்லாமல் செய்தன. வாக்கு பறிபோன மக்களுக்குத் தொழிற்சங்கமே பாராளுமன்றமாயிற்று.

அதற்கு முன்பே இங்கு கலையும் சங்கமும் சேர்ந்து நடந்திருக்கின்றன. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். பாட்டைக் கேட்கக் கூடியவர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள்.

நகைச்சுவைக்கும் தோட்டங்களில் பஞ்சமில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிவு பிடிக்கப்படும். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும். தராசடியில் வாய் திறக்காத பெண், லயத்துக்கு வந்ததும் கணக்கப்பிள்ளையின் குரலிலேயே எடையை வாசித்துக் காட்ட, சுற்றியிருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பறித்தது எத்தனை கிலோ, கணக்கில் ஏறியது எத்தனை கிலோ என்ற கேள்வி அந்தச் சிரிப்பில் முழுமையாக இருக்கிறது. மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் அதை உரக்கக் கேட்க வேண்டுமானால், அவளுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும்.

அப்படி நிற்கும் ஆட்கள் நிலைத்த அமைப்பாகத் திரளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018 அண்மைச் சான்று. அவ்வாண்டு அக்டோபரில் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் திரண்டார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் கூட்டு ஒப்பந்தப் பேச்சு மேசையில் அவர்களுக்கு நாற்காலி இருக்கவில்லை. 2019 ஜனவரி ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 700 ரூபாயில் நிறுத்தியது. ஆயிரம் ரூபாய் சம்பளச் சபை வழியாக 2021இல்தான் வந்தது.

ஆகவே ஊவாத் தோட்டங்களுக்குத் தேவை, தேர்தல் காலத்தில் மேடையேறிப் போகும் நட்சத்திரம் அல்ல. சங்கக் கூட்டங்களில் பகடிக் கலைஞருக்கு நிரந்தர இடம் வேண்டும். பதவிக்குப் போகும் கலைஞர் கேலி செய்யும் இடத்திலிருந்து கேலிக்குரிய இடத்துக்கு மாறிவிடுகிறார். மானுக்கும் அதுவே நேர்ந்தது. கேலி செய்யும் அந்த இடம் காலியாகக் கிடக்கக் கூடாது. சம்பளத்தில் மாதாமாதம் சந்தா பிடிக்கும் சங்கம் எதுவாயினும், அதன் மேடையிலேயே ஒரு கலைஞர் தலைவரைப் பார்த்துச் சந்தாக் கணக்கைக் கேட்டு மக்களைச் சிரிக்க வைக்க முடிய வேண்டும். அடுத்த கூட்டத்தில் அந்தக் கணக்கு வாசிக்கப்படவும் வேண்டும்.