அடி வாங்குறதுக்குன்னு ஒரு மீன் வேணுமா?

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம்னு எந்தப் பக்கம் அலங்கார மீன் கடைக்குப் போனாலும் ஒரு கேள்வி காதுல விழும். "அண்ணா, இதையும் அதையும் ஒண்ணா விடலாமா? அடிச்சுக்காதே?" இதே கேள்வி ஒரு காலத்துல, மனுஷன் ஏன் சண்டை போடுறான்ங்கற பெரிய விவாதத்துக்குள்ள போய் நின்னுச்சு. அந்தக் கதையில நம்ம பக்கத்து மீன் ஒண்ணும் வருது.

அதோட பேர் ஆரஞ்சு குரோமைட். கேரளாவுல பள்ளத்தின்னு சொல்வாங்க. கரிமீனுக்குத் தம்பி முறை. உள்ளங்கைக்குள்ள அடங்குற மஞ்சள் மீன், விலாவுல ஒரு கறுப்புப் பொட்டு. தென்னிந்தியா, இலங்கை உப்பங்கழிகள்தான் இதோட சொந்த ஊர். வண்டலூர் – கேளம்பாக்கம் ரோட்டைப் பிடிச்சு முட்டுக்காடு போனீங்கன்னா, அது இந்த மீனுக்கு ஏத்த தண்ணி.

இதுக்கு அறிவியல் பேர் வச்சவர் பெர்லின் நகரத்து மருத்துவர் மார்க்கஸ் பிளாக். வருஷம் 1795. தரங்கம்பாடியில இருந்த ஜான்ங்கற மிஷனரி அவருக்கு நம்ம கடற்கரை மீன்களை அனுப்பிக்கிட்டே இருந்தார். அந்த நன்றிக்குத்தான் கத்தாளை மீன் இனம் ஒண்ணுக்கு 'ஜானியஸ்'னு பேர்.

இப்போ 1963-க்கு வருவோம். ஆஸ்திரிய விஞ்ஞானி கொன்ராட் லோரென்ஸ், மூர்க்கத்தைப் பத்தி ஒரு புத்தகம் எழுதுறார். 1938-ல நாஜி கட்சியில சேர்ந்தவர், 1973-ல நோபல் பரிசும் வாங்கினவர். அந்தப் புத்தகத்துல நம்ம ஆரஞ்சு குரோமைட்டும் வருது. அவர் சொன்னது இதுதான்: ஒரு ஜோடியைத் தனியா தொட்டியில விட்டா, கோபத்தைக் காட்ட வேற ஆள் இல்லாம ஆண் தன் ஜோடியையே அடிக்கும். சில சமயம் கொன்னே போடும். தீர்வு என்ன? அடி வாங்குறதுக்குன்னு இன்னொரு மீனை விடணும். இல்லைன்னா நடுவுல கண்ணாடி வச்சு, அந்தப் பக்கம் இன்னொரு ஜோடியை விடணும். ரெண்டு ஆணும் கண்ணாடி வழியா முறைச்சுக்கும், குடும்பம் நிம்மதியா இருக்கும். கண்ணாடியில பாசி படிஞ்சு பக்கத்து வீடு மறைஞ்சா, மறுபடி வீட்டுக்குள்ள சண்டை. கண்ணாடியைத் துடைச்சா சமாதானம்!

கேக்க அழகாத்தான் இருக்கு. ஆனா இதுல இருந்து அவர் எங்க போனார்னு பாருங்க. மூர்க்கம் குக்கர்ல ஆவி சேர்ற மாதிரி உள்ளேயே சேரும், எங்கயாவது வெளியேறியே ஆகணும், மனுஷனும் இப்படித்தான்னார். "ஆபீஸ் டென்ஷன், அதான் வீட்டுல கத்திட்டான்"னு நாம சாதாரணமா சொல்லிட்டுப் போறோமே, அதுக்கு அறிவியல் முத்திரை கிடைச்ச மாதிரி ஆச்சு. அடி வாங்குறவங்க பக்கத்துல இருந்து யோசிச்சா, இது எவ்வளவு ஆபத்தான நியாயம்னு புரியும்.

இதுக்குப் பதில் வந்ததும் ஒரு மீன் தொட்டியில இருந்துதான். லோரென்ஸோட மாணவர் வால்டர் ஹைலிகன்பெர்க், 1972-ல கிராமர்ங்கறவரோட சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டார். மீன் ஆப்பிரிக்க சிக்லிட். எதிரி மாதிரி ஒரு பொம்மையை ஆண் மீனுக்குக் காட்டினாங்க. ஆவி வெளியேறி அது அடங்கியிருக்கணும் இல்லையா? நடந்தது தலைகீழ். கூட இருந்த சின்ன மீன்களை அது இன்னும் அதிகமா தாக்குச்சு. எதிரியைக் காட்டாம விட்டப்போ, நாள் போகப்போக வேகம் தணிஞ்சது. அதாவது, கோபம் தானா நிரம்பி வழியுற பானை இல்ல. தூண்டத் தூண்டத்தான் ஏறுது. 1986-ல ஸ்பெயின்ல செவில் நகரத்துல கூடின விஞ்ஞானிகள், போர் நம்ம ரத்தத்துலயே இருக்குங்கற வாதத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லைன்னு அறிக்கையே விட்டாங்க.

அப்போ லோரென்ஸ் பார்த்தது பொய்யா? இல்ல. ஜோடியை அடிக்கிற மீன் இன்னைக்கும் உண்டு. ஆனா உப்பங்கழியில அடி வாங்குற மீன் விலகி ஓடிடும். ரெண்டடி கண்ணாடிப் பெட்டியில எங்க ஓடும்?

இதே மீனை அதோட சொந்தத் தண்ணியில பார்த்தா கதை இன்னும் சுவாரஸ்யம். இலங்கையில வைமன், வார்டுன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1972-ல எழுதினாங்க: ஆரஞ்சு குரோமைட், கரிமீனோட உடம்புல இருக்குற ஒட்டுண்ணியைக் கொத்தி சுத்தம் பண்ணுது. அதே மீன் சமயம் கிடைச்சா கரிமீனோட முட்டையையும் குஞ்சையும் தின்னுடும். வைத்தியரும் அவரே, திருடரும் அவரே! இதை 'சாது'ன்னு எழுதி ஒட்டுவீங்களா, 'முரடு'ன்னு ஒட்டுவீங்களா?

அதனால, மீன் வாங்குறப்போ "இது சண்டை போடுமா?"ன்னு மட்டும் கேக்காதீங்க. எவ்வளவு இடம், எத்தனை பேர், ஒளிய மறைவு இருக்கா, முட்டை போடுற நேரமா, இதையும் கேளுங்க. குரோமைட்டை ரெண்டு மூணா விடாம ஆறேழா விட்டா, அடி ஒருத்தர் மேலயே விழாது. ஜோடி சேர்ந்துட்டா தனித் தொட்டி குடுங்க, அதுலயும் பெண் மீன் ஒதுங்க கல்லு, பானை ஓடு வைங்க.

அடி வாங்குறதுக்குன்னு மட்டும் ஒரு மீனை வாங்கி விடாதீங்க. அந்த ஐடியா தொட்டியிலயும் தேவையில்ல, வீட்டுலயும் தேவையில்ல. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!