கேஏ 08: அது சைபரா, 'ஓ'வா? எழுத்துரு செய்யும் குழப்பம்

கோலார் தங்கவயலில், அதாவது கேஜிஎஃப்-இல் பதிவான வண்டியின் நம்பர் பிளேட் 'கேஏ 08' என்று தொடங்கும். ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து வரும்போது நம் கண் அதிகம் தடுமாறும் இரண்டு ஜோடிகள் இந்த இரண்டு இலக்கத்துக்குள்ளேயே இருக்கின்றன: சைபரும் 'ஓ'வும், 8-ம் 'பி'யும்.

அப்புறம் ஏன் நாம் தப்பாகப் படிப்பதில்லை? மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து எண்தான் வரும் என்று நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு வரும் எழுத்து வரிசையில் 'ஐ', 'ஓ' இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். 1, 0 உடன் குழம்பக்கூடாது என்பதுதான் காரணம். காருக்கு எழுத்து 65 மி.மீ. உயரம், 10 மி.மீ. தடிமன், 10 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. அந்த இடைவெளியும் சும்மா இல்லை. நெருக்கி எழுதினால் பக்கத்து எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வேறொன்றாகத் தெரியும். ஸ்டைலாக வளைத்து எழுதும் 'ஃபேன்ஸி' பிளேட்டுக்கு அபராதம் போடுவது இதனால்தான்.

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போனது. ஓர் எழுத்தில் கொஞ்சம் பெயின்ட் அடித்து இன்னொன்றாக மாற்ற முடியாதபடி, ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் கொடுத்த எழுத்துருவை 2000-இல் கட்டாயமாக்கியது. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அதன் வேலை அதுவல்லவே.

உங்கள் மொபைலில்

பணம் அனுப்பும்போது ஐஎஃப்எஸ்சி குறியீடு கேட்பார்கள். 11 இடங்களில் ஐந்தாவது எப்போதும் சைபர். 'ஓ' என்று அடித்தால் குறியீடே தவறு. ஏரியல் எழுத்துருவில் கேப்பிட்டல் 'ஐ'யும் ஸ்மால் 'எல்'லும் கிட்டத்தட்ட ஒரே நேர்க்கோடு. திரைக்காகவே செய்யப்பட்ட வெர்டானாவில் 'ஐ'க்கு மேலும் கீழும் குறுக்குக்கோடு உண்டு. யாராவது அனுப்பிய பாஸ்வேர்டைப் பார்த்து டைப் செய்து மூன்று முறை தோற்றிருந்தால், தப்பு உங்கள் கண்ணில் இல்லாமல் இருக்கலாம்!

மூன்று லிபி, ஒரே நாள்

2001-இல் சுரங்கம் மூடிய பிறகு, மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருவது கேஜிஎஃப் தமிழர் பலருக்கு அன்றாட வாழ்க்கை. வீட்டில் தமிழ், போர்டில் கன்னடம், லேப்டாப்பில் ஆங்கிலம். கன்னடத்தில் 'த' வரிசையிலும் 'ப' வரிசையிலும் அழுத்தி உச்சரிக்கும் எழுத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அடியில் இருக்கும் ஒரு சின்னக் கீறல்தான். எழுத்துருவைத் தடிமனாக்கினால் முதலில் அடைபடுவது அந்தக் கீறல். ஒரே 'த'வில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளும் நமக்கு அது கண்ணில் படவே நாளாகும்.

தமிழ் மட்டும் சுத்தமா? இல்லை. ஓலைச்சுவடியில் 'ர'வும் துணைக்காலும் ஒரே வடிவம். 'தரம்' என்பதா 'தாம்' என்பதா, 'கரடி'யா 'காடி'யா என்று வாக்கியத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எகர ஏகாரத்தைப் பிரித்த புள்ளியும் ஓலையில் பெரும்பாலும் விடுபட்டது. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். இன்று 'ர'வின் அடியில் உள்ள சாய்ந்த வால்தான் அதைக் காலிலிருந்து பிரிக்கிறது. சில 'மாடர்ன்' எழுத்துருக்கள் அதையும் குட்டையாக்குகின்றன.

ஆனால் என்னை அதிகம் படுத்தியது ஔகாரம். 'கௌரி', 'கெளரி' இரண்டையும் பாருங்கள். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' அடித்திருக்கிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கம்ப்யூட்டருக்கோ இவை வேறு வேறு சொற்கள். ஒருமுறை இரண்டு பெயர்ப் பட்டியல்களை ஒப்பிட்டபோது, எக்செல் 'இல்லை' என்று சொன்ன பெயர் என் கண்ணெதிரே இருந்தது. அரை நாள் போனது. இதுவே ஒரு பயனாளிகள் பட்டியலாக இருந்தால், போவது அந்தப் பெண்ணின் உதவித்தொகை.

சில எழுத்துருக்கள் ஔகாரக் குறியின் பின்பாதியைச் சற்றுச் சிறிதாக வரைகின்றன. அப்படியிருந்தால் பிழை உடனே கண்ணில் படும். அடுத்த முறை ஆபீஸ் வேலைக்குத் தமிழ் எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போது 'தரம் தாம் கௌரி கெளரி' என்று டைப் செய்து, அளவை 10-க்குக் குறைத்துப் பாருங்கள். நான்கும் நான்காகத் தெரியாவிட்டால் வேறு எழுத்துருவுக்கு மாறுங்கள்.