பகுப்பாய்வு மாதிரி – உருவ மாதிரி பொருத்துகை

ஒரு கட்டடத்தின் வலிமையைக் கணிப்பதற்கான கோட்டு வடிவத்தையும், அக்கட்டடம் உண்மையில் எழும்பப்போகும் திண்ம வடிவத்தையும் ஒன்றோடொன்று முரண்படாமல் அமைத்தல், கட்டமைப்புப் பொறியியலில் பகுப்பாய்வு மாதிரி – உருவ மாதிரி பொருத்துகை எனப்படும். பகுப்பாய்வு மாதிரியில் தூணும் உத்தரமும் தடிமனற்ற கோடுகள். தளமும் சுவரும் தடிமனற்ற பரப்புகள். உருவ மாதிரியில் அவை அகலமும் ஆழமும் உடையவை. முதலாவதிலிருந்து விசைகள் கணிக்கப்படுகின்றன. இரண்டாவதிலிருந்து வரைபடங்களும் பொருட்பட்டியலும் பெறப்படுகின்றன. தமிழகப் பொறியாளர்களின் பேச்சு வழக்கில் இவை அனலிட்டிகல் மாடல், பிசிக்கல் மாடல் என்றே வழங்குகின்றன.

கணுக்களும் இடைவெளிகளும்

ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ் போன்ற மென்பொருட்கள் கட்டடத்தைக் கணுக்களின் தொகுதியாகவே அறிகின்றன. இரு உறுப்புகள் ஒரே கணுவைப் பகிர்ந்தால் மட்டுமே அவற்றுக்கிடையே விசை கடக்கும். திரையில் தொட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றும் உத்தரமும் தூணும் 3 மி.மீ. விலகியிருந்தால், மென்பொருளைப் பொறுத்தவரை அவை தொடர்பற்றவை. அவ்வுத்தரம் முற்றிலும் பிடிமானமற்றுப் போனால் மென்பொருள் நிலையின்மை எச்சரிக்கை தரும். மறுமுனை மட்டும் விறைப்பாகப் பிடிக்கப்பட்டிருந்தால் அதனைக் கொடுங்கை உத்தரமாகக் கருதி, எச்சரிக்கை ஏதுமின்றித் தவறான விடையைத் தந்துவிடும். இரண்டாவது நிலையே அதிக இடருடையது.

இதனைத் தவிர்க்க, குறிப்பிட்ட தொலைவுக்குள் உள்ள கணுக்களை ஒன்றாக்கும் வசதி பெரும்பாலான மென்பொருட்களில் உண்டு. அத்தொலைவைப் பெரிதாக வைத்தால், உண்மையிலேயே விலகி நிற்கவேண்டிய கணுக்களும் ஒன்றாகிவிடும்.

மூடத்தக்கதும் மூடத்தகாததும்

எல்லா விலகலும் பிழையன்று. 600 மி.மீ. ஆழமுள்ள முதன்மை எஃகு உத்தரமும் 300 மி.மீ. ஆழமுள்ள துணை உத்தரமும் மேல்மட்டம் சமமாக அமைந்தால், அவற்றின் நடுக்கோடுகள் 150 மி.மீ. விலகியிருக்கும். துணை உத்தரம் முதன்மை உத்தரத்தின் நடுத்தகட்டில் பொருத்தப்படுவதால், இரு கோடுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது வழக்கமான, தீங்கற்ற எளிமையாக்கம்.

தூணின் நிலை வேறு. கீழ்த்தளத்தில் 600 மி.மீ. அகலமுள்ள கான்கிரீட் தூண், மேல்தளத்தில் வெளிமுகம் சமமாக 400 மி.மீ. ஆகக் குறைகிறது எனக் கொள்க. நடுக்கோடுகளின் விலகல் 100 மி.மீ. மேலிருந்து 1500 கிலோநியூட்டன் சுமை இறங்கினால், 150 கிலோநியூட்டன்-மீட்டர் அளவுள்ள வளைவுத் திருப்புத்திறன், அதாவது மொமென்ட், அவ்விடத்தில் தோன்றும். இரு கோடுகளையும் இழுத்து நேராக்கிவிட்டால் படம் அழகாகும். அத்திருப்புத்திறன் கணக்கிலிருந்து மறைந்துவிடும். இத்தகைய இடங்களில் விலகலை அப்படியே வைத்து, இரு கணுக்களையும் விறைப்பு இணைப்பால் கோப்பதே முறை.

இந்திய நியமங்கள் இதனை ஓரளவு கருத்தில் கொள்கின்றன. ஐ.எஸ். 456:2000, சட்டகங்களை நடுக்கோட்டுத் தொலைவு கொண்டு பகுப்பாயச் சொல்கிறது. ஒற்றைத்திரளாக வார்க்கப்பட்ட கட்டுமானத்தில் தாங்கியின் முகப்பிலுள்ள திருப்புத்திறனை வடிவமைப்புக்குப் பயன்படுத்த இடம் தருகிறது. அழுத்தத் தூணுக்குக் குறைந்தது 20 மி.மீ. மையவிலகலைக் கொள்ளவேண்டும் என்றும் விதிக்கிறது. இந்த 20 மி.மீ. வேலையின்போது நேரும் சிறு பிசகுகளுக்கானது. மேற்கண்ட 100 மி.மீ. விலகலை அது ஈடுசெய்யாது. எஃகுக் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 800:2007, எளிய இணைப்புகளில் உத்தரத்தின் எதிர்விசை தூணின் முகப்பிலிருந்து குறைந்தது 100 மி.மீ. தள்ளிச் செயற்படுவதாகக் கொள்ளுமாறு கூறுகிறது. நடுக்கோட்டு மாதிரியில் இது தானாக வந்துவிடாது, பொறியாளரே சேர்க்கவேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில்

சென்னைக்கு மேற்கே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ள இத்தொழில்வழித்தடம் இச்சிக்கலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இலும், ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும், டெய்ம்லர் வணிக ஊர்தி ஆலை 2012இலும் உற்பத்தியைத் தொடங்கின. இவற்றைச் சூழ்ந்து உதிரிப்பாக ஆலைகளும் கிடங்குகளும் பெருகின. இவ்வகைத் தொழிற்கூடங்களுக்குப் பரவலாகப் பயன்படுவது, பட்டறையில் செய்து களத்தில் போல்ட் இட்டுப் பூட்டும் முன்தயாரிப்பு எஃகுச் சட்டகம். பொறியாளர்கள் இதனைப் பி.இ.பி. என்பர்.

பி.இ.பி. தூண் பெரும்பாலும் அடியில் குறுகி மேலே அகன்றிருக்கும். அதன் வெளிமுகம் செங்குத்து, உள்முகம் சாய்வு. ஆகவே அதன் நடுக்கோடும் சாய்ந்தே செல்லும். மேலும் இக்கட்டடங்களின் அகலம் வழக்கமாக வெளிமுகத்திலிருந்து வெளிமுகம் வரை அளக்கப்படுகிறது. 30 மீட்டர் எனக் குறிக்கப்பட்ட கூடத்தில் நடுக்கோட்டு வீச்சு அதனினும் குறைவு. கட்டடக்கலைஞரின் கட்டக்கோடு, எஃகு நிறுவனத்தின் வெளிமுகக்கோடு, மென்பொருளின் நடுக்கோடு ஆகிய மூன்றும் ஒன்றென எண்ணுவது இங்கு எளிதில் நேரும் தவறு. அதன் விளைவு அடித்தளத்தில்தான் தெரியும்: கான்கிரீட்டில் முன்பே பதித்த நங்கூர போல்ட்டுகள் தூணின் அடித்தகட்டுத் துளைகளுக்கு நேராக வாரா.

மேற்செல் கிரேன் உள்ள கூடத்தில் இன்னும் கவனம் தேவை. கிரேன் ஓடும் கர்டர், தூணிலிருந்து நீட்டிய பிராக்கெட்டின்மேல் அமர்கிறது. கர்டரின் கோடு தூணின் நடுக்கோட்டிலிருந்து 550 மி.மீ. தள்ளியிருந்து, சக்கரங்களின் எதிர்விசை 400 கிலோநியூட்டன் எனில், தூணுக்கு 220 கிலோநியூட்டன்-மீட்டர் திருப்புத்திறன் வரும். மின்கிரேன்களின் சக்கரச் சுமையை மோதல் விளைவுக்காக 25 விழுக்காடு கூட்டவேண்டும் என்பதும் நியமம். பிராக்கெட்டை மாதிரியில் சேர்க்காமல் சுமையை நேரே தூணின் கணுவில் இட்டால் இவ்வளவும் காணாமற்போகும். கட்டடத்தின் மொத்தச் சுமையும் தாங்கிகளின் மொத்த எதிர்விசையும் அப்போதும் சமமாகவே இருக்கும். ஆகவே பலரும் நம்பியிருக்கும் அந்தச் சரிபார்ப்பு இப்பிழையைக் காட்டாது.

காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஐ.எஸ். 875இன்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். திருத்தக் காரணிகளுக்கு முன் இது சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் அழுத்தம். இலகுவான தகட்டுக் கூரையை இது மேல்நோக்கியும் இழுக்கும். தூணின் அடியைக் கீல் எனக் கொண்டதா, விறைப்புப் பிடி எனக் கொண்டதா என்பதைப் பொறுத்தே அடித்தளத்துக்குச் செல்லும் விசைகள் அமையும். பகுப்பாய்வில் கீல் என்று வைத்து, வரைபடத்தில் தடித்த தகடும் பரந்து நிற்கும் போல்ட்டுகளும் கொடுத்தால், அடித்தளம் தனக்கெனக் கணிக்கப்படாத திருப்புத்திறனை ஏற்கவேண்டியிருக்கும்.

ஹார்ட்ஃபோர்ட் கூரை

இவ்விரு வடிவங்களும் முரண்பட்டதால் நேர்ந்த, நன்கு ஆராயப்பட்ட விபத்து அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் நடந்தது. ஹார்ட்ஃபோர்ட் நகர அரங்கின் ஏறத்தாழ 91 × 110 மீட்டர் முப்பரிமாணச் சட்டகக் கூரை, கணினியின் துணையுடன் வடிவமைக்கப்பட்டது. 1978 சனவரி 18 அதிகாலை, பனிச்சுமையின்கீழ் அது சரிந்தது. சில மணி நேரத்துக்கு முன்னர்தான் ஏறத்தாழ 5000 பேர் அங்குக் கூடைப்பந்தாட்டம் பார்த்துச் சென்றிருந்தனர், உயிரிழப்பு இல்லை. அன்றிருந்த பனி, வடிவமைப்பில் கொள்ளப்பட்ட சுமையை விடக் குறைவே.

கணிப்பில் மேல் உறுப்புகள் நடுவில் குறுக்குக்கட்டால் பிடிக்கப்பட்டவையாகவும், உறுப்புகள் யாவும் ஒரே புள்ளியில் சந்திப்பவையாகவும் கொள்ளப்பட்டன. கட்டப்பட்ட இணைப்பில் மூலைவிட்ட உறுப்புகள் கிடை உறுப்புகளுக்குச் சற்றுக் கீழே வேறொரு புள்ளியில் சந்தித்தன. விளிம்பு உறுப்புகளுக்கு நடுப்பிடிமானம் இருந்தும் இல்லாத நிலை. அவை கணித்ததைவிட மிகக் குறைந்த சுமையிலேயே நெளிந்தன. கட்டுமானத்தின்போதே கூரையின் தாழ்வு கணித்ததைப்போல் இருமடங்கு இருந்ததும், அது சுட்டிக்காட்டப்பட்டும் புறக்கணிக்கப்பட்டதும் குறிப்பிடத்தக்கன.

மென்பொருட்களின் அணுகுமுறை

ரெவிட் மென்பொருளின் முந்தைய பதிப்புகளில், தூணோ உத்தரமோ வரையப்பட்டதும் அதன் பகுப்பாய்வுக் கோடும் தானே உருவானது. பயனர் அதனைப் பின்னர் நகர்த்திச் சரிசெய்வார். பலர் சரிசெய்யாமலே ஏற்றுமதி செய்தனர். 2022இல் வெளியான ரெவிட் 2023 பதிப்பு இம்முறையைக் கைவிட்டு, இரு மாதிரிகளையும் தனித்தனியே உருவாக்கிப் பின் தொடர்புபடுத்தும் முறையைக் கொண்டுவந்தது. ஸ்டாட் புரோவில் உறுப்பு முனை விலக்கம் என்னும் கட்டளை, கணுவை நகர்த்தாமலே உறுப்பின் உண்மையான தொடக்கத்தைக் குறிக்க உதவுகிறது. ஈடாப்ஸ் தூணின் அகலத்தைக் கொண்டு உத்தர முனையில் விலக்கத்தைத் தானே கணிக்கும். ஆயினும் அப்பகுதியின் விறைப்புக் காரணியைப் பயனர் இடாவிட்டால் பூச்சியம் என்றே கொள்ளும். இம்மூன்றிலும், ஓர் இடைவெளி கணினியில் நேர்ந்த பிசகா, கட்டடத்தில் உள்ள விலகலா என்று தீர்மானிக்கும் வேலை பொறியாளரிடமே உள்ளது.